சுண்டைக்காயில் படித்த கெமிஸ்ட்ரி

நான் பத்தாவது வரை படித்தவள். சமயநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. கணவர் பரவை மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையில் கணக்கு எழுதுகிறார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பற்றி எழுத இவளுக்கு என்ன யோக்கியதை என்று வாசகிகள் கேட்கலாம். யோக்கியதை இல்லைதான். ஆனால் ஒரு வருஷம் அந்தப் பாடத்தோடு நானும் மல்லுக்கட்டினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் நாத்தனார், நான் கல்யாணமாகி வந்தபோது எட்டு வயசுப் பிள்ளை. தலை சீவி, சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியது நான்தான். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பி.எஸ்ஸி. படிக்கும்போது 2022-ல் புதுமைப் பெண் திட்டம் வந்து மாசம் ஆயிரம் ரூபாய் கிடைத்தது. எம்.எஸ்ஸி.க்கு அது கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்து செலவாவது மிச்சம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் எம்.எஸ்ஸி. வரை போன முதல் பெண் அவள். 2024-ல் மதுரையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள்.

நவம்பரில் முதல் செமஸ்டர் பரீட்சை. ரிசல்ட் வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் சாப்பாட்டைக் கொறித்தாள். ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன், தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுது கொண்டிருந்தாள். "ஆர்கானிக்ல போயிருச்சு மதினி. அரியர். அம்மாகிட்ட சொல்லிராதீக" என்றாள்.

ஆர்கானிக் என்றால் நான் மருந்தடிக்காத காய்கறி என்று நினைத்திருந்தேன்! அந்த அழுகையிலும் சிரித்து விட்டாள். கார்பன் சேர்ந்த பொருள்களைப் பற்றிய படிப்பாம். உயிருள்ள உடம்புதான் இவற்றை உண்டாக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். 1828-ல் வோலர் என்ற ஜெர்மனிக்காரர், சிறுநீரில் இருக்கிற யூரியாவை எந்த உயிரின் உதவியும் இல்லாமல் செய்து காட்டிவிட்டாராம். நம்ம வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அதே யூரியா.

ஏன் ஃபெயில் ஆனாள் என்று கேட்டேன். பி.எஸ்ஸி.யில் ஒவ்வொரு வினைக்கும் கண்டுபிடித்தவர் பெயரைப் போட்டு மனப்பாடம் செய்தால் மார்க் வந்து விடுமாம். எம்.எஸ்ஸி.யில் பார்த்தே இராத ஒரு பொருளைக் கொடுத்து, "இது எப்படி மாறும், ஏன் மாறும்" என்று கேட்கிறார்கள். அதுவும் இங்கிலீஷில். பள்ளிக்கூடத்தில் "கருக்கவர் பொருள்" என்று படித்த பிள்ளைக்கு "நியூக்ளியோஃபைல்" என்று வகுப்பில் சொன்னபோது, அது இதுதான் என்று புரியவே ஒரு மாசம் ஆனதாம். எழுந்து கேட்க வெட்கம். லைப்ரரியில் ஜெர்ரி மார்ச் என்பவர் எழுதிய புத்தகம் எடுத்து வந்தாள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். அரிவாள்மனைக்கு அண்டக் கொடுக்கலாம் போல அத்தனை கனம்.

விஷயம் எப்படியோ அத்தை காதுக்குப் போய்விட்டது. ஏற்கனவே சோழவந்தான் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருந்தது. "படிச்சுக் கிழிச்சது போதும். ஏப்ரல்ல பாஸாகலேன்னா தை பொறந்ததும் கல்யாணம்" என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் வாயைத் திறக்கவில்லை. நான் பத்தாவதில் 412 மார்க் வாங்கியும் அப்பா "போதும்" என்றபோது எங்கள் வீட்டிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அது ஞாபகம் வந்ததோ என்னவோ, அன்று ராத்திரி அவளைக் கூப்பிட்டு, "எனக்குச் சொல்லிக் கொடு. எனக்குப் புரியற மாதிரி சொன்னா உனக்குப் புரிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றேன்.

பாத்திரம் கழுவி முடித்து ஒன்பதரைக்கு உட்காருவோம். அவள் நோட்டில் வளைந்த அம்புக்குறியாகப் போடுவாள். "ஏன் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகுது?" என்பேன். முதல் ஒரு வாரம் பதில் வரவில்லை. "புக்ல அப்படித்தான் இருக்கு மதினி" என்பாள். அங்கேதான் கோளாறு. பிறகு அவளே கண்டுபிடித்தாள். எலெக்ட்ரான் எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கிருந்து, குறைவாக இருக்கிற இடத்துக்கு அம்பு போக வேண்டும். கைமாத்து கொடுக்கிறது மாதிரிதானே, இருக்கிறவன்தான் கொடுப்பான் என்றேன். பரீட்சையில் பாதி அம்பைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறாள். கார்பனுக்கு நாலு கைதான் உண்டு, அவசரத்தில் ஐந்து கை போட்ட இடமும் இருந்ததாம்.

சாம்பார் கறை பட்ட துணி சோப்பு போட்டதும் ஏன் சிவக்கிறது என்று கேட்டேன். மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற பொருளிலிருந்து, சோப்பின் காரம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக் கொள்கிறது, எலெக்ட்ரான் இடம் மாறுவதால் நிறமும் மாறுகிறது என்று அம்பு போட்டே காட்டினாள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பதும் இதனால்தானாம்.

ரொம்பப் படுத்தியது வலது கை, இடது கை பாடம். ஒரே பொருள், ஆனால் கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி இரண்டு உருவம். பேப்பரில் அவளால் திருப்பிப் பார்க்க முடியவில்லை. இதற்கென்று விற்கிற பிளாஸ்டிக் மாடல் வாங்க அப்போது கையில் காசில்லை. ஈர்க்குச்சி எடுத்தேன். நடுவில் உருளைக்கிழங்குத் துண்டு, நாலு பக்கமும் ஒரு சுண்டைக்காய், ஒரு சின்ன வெங்காயம், ஒரு பூண்டுப் பல், ஒரு நெல்லிக்காய். அதன் கண்ணாடி பிம்பமாக இன்னொன்று. எப்படித் திருப்பினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை! அத்தை வந்து, "கொழம்புக்கு உரிச்ச வெங்காயத்துல என்னடி வெளையாட்டு" என்று கத்தினார்கள்.

இது விளையாட்டில்லை என்று அன்று அவள் சொன்ன விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் மசக்கைக் குமட்டலுக்கும் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. அந்த மருந்திலும் வலது, இடது என்று இரண்டு உருவம். ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் பயனில்லை, உடம்புக்குள் போய் மற்றதாக மாறிவிடும். 1961-ல் ஜெர்மனியில் அதை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் பிரான்ஸஸ் கெல்சி என்ற அம்மா, போதிய ஆதாரம் இல்லை என்று அனுமதி தர மறுத்து உட்கார்ந்து விட்டாராம். இதைக் கேட்டுக் கொண்டிருந்த அத்தை அதற்குப் பிறகு வெங்காயத்தைப் பற்றிப் பேசவில்லை.

நம் நாட்டிலும் அசீமா சாட்டர்ஜி என்று ஒருவர். 1944-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவர். இந்தியப் பல்கலைக்கழகத்தில் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். செடிகளில் உள்ள மருந்துப் பொருள்கள்தான் அவர் ஆராய்ச்சி. எங்கள் வாசலில் தானாக முளைத்துக் கிடக்கிற நித்தியகல்யாணியும் அதில் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் மருந்து அந்தச் செடியில்தான் இருக்கிறதாம். களை என்று எத்தனை முறை பிடுங்கிப் போட்டிருக்கிறேன்!

2025 ஏப்ரலில் அரியர் எழுதினாள். 53 மார்க். பெரிய மார்க் இல்லை. ரிசல்ட் பார்த்ததும் மார்க்கெட்டுக்குப் போன் போட்டு அண்ணனிடம்தான் முதலில் சொன்னாள். அவர் ஒரு கிலோ அல்வாவோடு வந்தார். வாயைத் திறக்காதவர் அன்று, "நெட் பரீட்சைன்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கும் எழுதட்டும்" என்றார். சோழவந்தான் வரன் காத்திருக்கவில்லை, வேறு இடத்தில் முடித்துக் கொண்டார்கள். அத்தைக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, மாசம் ஒரு தரமாவது அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இப்போதும் ஒன்பதரைக்கு உட்காருகிறோம். என் மகள் ஏழாவது படிக்கிறாள், அவளும் வந்து உட்கார்ந்து, "ஏன் அத்தை?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

- ஒரு வாசகி, சமயநல்லூர்