அரங்கேறிய யாழ்ப்பாணத் தமிழ்

யாழ்ப்பாணத்து மகன் ஒருவன் தாயிடம் விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்வான். ஆனால், முற்காலத்தில் அவனே நாடக மேடையில் ஏறினால் ஏட்டுத் தமிழையே பேசவேண்டியிருந்தது. வீட்டுப் பேச்சோ பெரும்பாலும் வேலைக்காரனுக்கும் விகடனுக்கும் உரியதாய் நின்றது. அதைக் கேட்டுச் சபையோர் நகைத்தனர். தம் நாவிற் பிறந்த மொழியையே தாம் எள்ளி நகைப்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தாரில்லை.

இந்நிலையை மாற்ற முற்பட்ட நாடகாசிரியர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஆவர். அவர் 1903ஆம் ஆண்டிலே பருத்தித்துறையை அடுத்த புலோலியிற் பிறந்தார். ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்து, 1935இல் இலண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். சுவாமி விபுலானந்தர் 1947இல் மறைந்தபின் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரை அடைந்தது.

கல்வெட்டு ஆராய்ச்சிக்கும் மேடை நாடகத்துக்கும் யாது தொடர்பு? கல்லிற் பொறித்த தமிழிலே இலக்கண நூல் விதித்த வடிவங்களோடு, அக்காலத்து மக்கள் வாயில் வழங்கிய வடிவங்களும் கலந்து காணப்படும். அவற்றைப் பயின்றவர்க்குப் பேச்சுத் தமிழ் சிதைந்த தமிழாகத் தோன்றாது. தனக்கென ஓர் ஒழுங்குடைய வாழும் மொழியாகவே தோன்றும்.

பல்கலைக்கழக மாணவர் நடிப்பதற்கென அவர் நாடகங்கள் எழுதினார். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்னும் நான்கும் 1940இல் ‘நானாடகம்’ என்ற பெயரில் நூலாயின. உலகியலை உள்ளவாறு காட்டுவதே நாடகம். ஆதலின் வீட்டிலும் வீதியிலும் பேசுமாறே அரங்கிலும் பேசல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய மேடையிலே பேச்சுத் தமிழ் விகடனுக்கு மட்டும் உரியதன்று; ஊரை ஆட்டிவைத்த உடையாரும் அதனையே பேசினார்.

அயர்லாந்திலும் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு. 1871இற் பிறந்த ஜோன் மில்லிங்டன் சிங் என்னும் நாடகாசிரியர், மேற்குக் கரையோரத் தீவுகளிலே தங்கிக் குடியானவர் பேச்சைச் செவிமடுத்து, அதன் சாயலிலே நாடகங்கள் எழுதினார். 1907இல் டப்ளின் நகரில் அவர் நாடகமொன்று அரங்கேறியபோது, தம் நாட்டாரை இழிவுபடுத்தினார் என்று கூறிச் சபையோர் கலகம் விளைத்தனர். உள்ளதை உள்ளவாறு காட்டும் கண்ணாடி எல்லோர்க்கும் உவப்பன்று.

எனினும், கணபதிப்பிள்ளை செந்தமிழை வெறுத்தவர் அல்லர். வடமொழி ‘இரத்தினாவலி’யைத் தழுவி ‘மாணிக்கமாலை’யையும், யாழ்ப்பாணத்து அரசனைப் பற்றிச் ‘சங்கிலி’யையும் இலக்கிய நடையிலேயே இயற்றினார். அரண்மனைக்கு ஒரு மொழி, அடுக்களைக்கு ஒரு மொழி. இரண்டும் தமிழே என்பது அவர் எழுத்தினால் விளங்கும்.

அவர் 1968இல் மறைந்தார். உடையார் பதவியும் ஒழிந்துவிட்டது. 1983ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்தார் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறினர். அங்கு வளரும் பிள்ளைகள் பாட்டனாரின் பேச்சை வீட்டிற் கேட்பது அரிதாகி வருகின்றது. பேச்சு காற்றோடு போவது. எழுதி வைத்தாலன்றி நில்லாது. அறிஞர் பலர் எழுதத் தகாதது என்று ஒதுக்கிய பேச்சை, ஓர் அறிஞரே எழுதிவைத்தார். அதனால் ஒரு தலைமுறையின் குரல் இன்றும் அந்நாடகங்களிற் கேட்கின்றது.