பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்

ஈப்போ பழைய நகரத்துக் கடைவீட்டை இடித்தால் கிடைக்கும் செங்கல்லில் இன்னொரு சுவர் எழுப்பலாம். அண்மையில் கட்டிய வரிசை வீட்டை இடித்தால் கிடைப்பது பள்ளம் நிரப்பத்தான் உதவும். அந்தக் காலத்துக் கல் உசத்தி என்பார்கள். அதைவிட முக்கியமான காரணம் இடையிலுள்ள சாந்து. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்த சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகும். இறுகினாலும் செங்கல்லைவிட மென்மையாகவே நிற்கும். உளியால் தட்டினால் சாந்து உதிர்ந்து கல் முழுசாகக் கைக்கு வரும். சிமெண்டுச் சாந்திலோ முதலில் உடைவது கல்தான். அந்தச் சிமெண்டுக்கு 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு அத்தொழிலுடையது. ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்குக்கு இது தூரத்துச் செய்தியல்ல. செம்மோர் பக்கம் குனோங் கந்தான் என்ற சுண்ணாம்புக்கல் குன்றைச் சிமெண்டுக்காகத்தான் வெட்டுகிறார்கள். அக்குன்றின் பெயரையே தாங்கிய லிபிஸ்டியஸ் கந்தான் என்ற சிலந்தி அங்குள்ள குகையில் வாழ்கிறது. சுண்ணாம்பும் குன்றை வெட்டித்தானே வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்குச் சூளை வெப்பம் குறைவு, வெளியேறிய வாயுவில் ஒரு பங்கு சுவருக்கே திரும்புகிறது, சூளையில் வெந்த செங்கல்லும் மறுபடி பயன்படுகிறது.

மரத்துக்கும் இதே கணக்குதான். கோலாகங்சாரில் 1926இல் எழுந்த இஸ்தானா கெனாங்கான், ஆணியே அடிக்காமல் பொருத்திய மர அரண்மனை. அத்தகைய பொருத்தைக் கழற்றினால் பலகை பிளக்காது. தோட்டத்து லயங்களில் ஆணி அடித்த பலகையும் மேலே தகரமும்தான். நெம்பினால் பலகையின் நுனி விரியும். அந்த நுனியை அறுத்துவிட்டால் மிச்சம் தேறும். ஆண்டுக்கணக்கில் உலர்ந்த அந்தக் கட்டை, பச்சைப் பலகைபோல் சுருங்கி முறுக்கிக்கொள்ளாது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம். எரித்தால் அது காற்றுக்குப் போகும். கரையான் பயம் நியாயமானதே. கத்தி முனையால் குத்தினால் உளுத்த கட்டை காட்டிக்கொடுத்துவிடும். பலம் தெரியாத உத்தரத்தைக் கூரைக்கு ஏற்றாமல் கதவுக்கும் சன்னலுக்கும் அறுப்பதே புத்தி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை மட்டும் மீட்கவே கூடாது. உடைத்தால் பறக்கும் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும்.

கடைசியில் எல்லாரும் சொல்வது, ஆள்கூலி கட்டுப்படியாகாது என்பது. ஆணி பிடுங்க நேரமாகும், சிமெண்டைச் சுரண்ட இன்னும் நேரமாகும். ஆனால் அந்தக் கூலியை ஏற்றுவது பொருளின் வயதல்ல, இணைத்த விதம். இன்று கட்டும் வீட்டில் ஆணிக்குப் பதில் திருகாணியும், பாரம் தாங்காத சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தும் போட்டால், பிரிக்கப்போகிறவரின் கூலி இப்போதே குறையத் தொடங்கிவிடும்.