ஜான் கசவெட்டிஸ்

ஜான் கசவெட்டிஸ் (டிசம்பர் 9, 1929 – பெப்ரவரி 3, 1989) அமெரிக்க நடிகரும் திரைப்பட இயக்குனரும் ஆவார். பெரிய நிறுவனங்களின் முதலீடும் கட்டுப்பாடும் இன்றி எடுக்கப்படும் சுயாதீனத் திரைப்படங்களின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகின்றார். பிறர் படங்களில் நடித்து ஈட்டிய பணத்தைத் தமது படங்களுக்குச் செலவிட்டார்.

நடிப்பு

நியூயார்க் நகரில் கிரேக்க வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் பயின்று, 1950களில் தொலைக்காட்சி நாடகங்களில் பெயர் பெற்றார். 1954 ஆம் ஆண்டு நடிகை ஜீனா ரோலண்ட்சை மணந்தார். த டர்ட்டி டசன் (1967) படத்திற்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ரோஸ்மேரிஸ் பேபி (1968) இவர் நடித்த மற்றொரு புகழ்பெற்ற படமாகும்.

இயக்கம்

முதற்படமான ஷேடோஸ், நடிப்புப் பயிற்சிப் பட்டறை ஒன்றிலிருந்து உருவானது. 1957 இல் வானொலி நிகழ்ச்சியொன்றில் இவர் விடுத்த வேண்டுகோளை ஏற்று நேயர்கள் பணம் அனுப்பினர். முதல் வடிவம் நிறைவளிக்காததால், பல காட்சிகளை மீண்டும் படமாக்கி 1959 இல் புதிய வடிவத்தைத் திரையிட்டார்.

அதன்பின் நிறுவனங்களுக்காக இரு படங்களை இயக்கினார். அவற்றுள் எ சைல்டு இஸ் வெயிட்டிங் (1963) படத்தைத் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர் இவரது விருப்பத்திற்கு மாறாகத் தொகுத்தார். இதனால் ஏற்பட்ட பிணக்கு இவரை மீண்டும் சொந்தத் தயாரிப்பிற்குத் திருப்பியது.

பேசஸ் (1968) படத்தின் பெரும்பகுதி 16 மி.மீ. கருப்பு வெள்ளைப் படச்சுருளில், இவரது வீட்டிலேயே எடுக்கப்பட்டது. அது மூன்று ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றது. எ உமன் அண்டர் தி இன்புளுயன்ஸ் (1974) படத்திற்காக வீட்டை அடமானம் வைத்தார். நடிகர் பீட்டர் பால்க்கும் முதலீடு செய்தார். வினியோகஸ்தர் கிடைக்காததால் திரையரங்குகளைத் தாமே அணுகிப் படத்தை வெளியிட்டார். இப்படத்திற்காக இவர் சிறந்த இயக்குனருக்கும், ஜீனா ரோலண்ட்ஸ் சிறந்த நடிகைக்கும் பரிந்துரைக்கப்பட்டனர்.

இவ்வழி எப்போதும் பலனளிக்கவில்லை. த கில்லிங் ஆப் எ சைனீஸ் புக்கி (1976) வரவேற்பின்றித் திரையரங்குகளிலிருந்து விரைவில் நீக்கப்பட்டது.

பாணி

இவரது படங்களில் வசனங்கள் படப்பிடிப்பின்போதே உருவாக்கப்பட்டவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. எனினும், பேசஸ் முதலிய பிற்காலப் படங்கள் பெரும்பாலும் எழுதப்பட்ட திரைக்கதையைக் கொண்டவை. அவற்றை எவ்வாறு நடிப்பது என்பதில் மட்டும் நடிகர்களுக்கு மிகுந்த சுதந்திரம் அளித்தார். ஒளிப்படக்கருவிக்கு ஏற்ப நடிகர் நிற்பதை விட, நடிகரைக் கருவி பின்தொடர்வதையே விரும்பினார்.

விருதுகள்

குளோரியா (1980) வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதை மற்றொரு படத்துடன் பகிர்ந்து கொண்டது. லவ் ஸ்ட்ரீம்ஸ் (1984) பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதை வென்றது. ஷேடோஸ், பேசஸ், எ உமன் அண்டர் தி இன்புளுயன்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன.