வெண்பனியில் வண்டியோட்டம்

மார்கழி வாடைக்கு நம் நாட்டில் ஒரு போர்வை போதும். கனடாவிலோ அதே மாதத்தில் நீர்நிலைகளும் கல்லென இறுகத் தொடங்குகின்றன. ரொறன்ரோ முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் பல்லாயிரவர், அக்குளிரிலும் நாள்தோறும் வேலைக்கு வண்டியோட்டிச் செல்ல வேண்டியவர்களே. அவர்தம் உயிர்க்காவல் எவற்றைப் பொறுத்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் கவனிக்கத்தக்கது ரயர். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் சாதாரண ரயரின் இறப்பர் இறுகிப் பிடிமானம் குன்றுகிறது. குளிரிலும் நெகிழ்ந்துகொடுக்கும் இறப்பரால் ஆனது குளிர்கால ரயர். கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டில் இதனைச் சட்டத்தாற் கட்டாயமாக்கிற்று. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அச்சட்டம் செல்லும். ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோவில் அக்கட்டாயம் இல்லை. ஆயினும் அறிவுடையோர் நான்கு சில்லுகளுக்கும் தாமே மாற்றிக்கொள்கின்றனர்.

அடுத்தது பற்றரி. குளிரில் அதன் வலு குறையும். எஞ்சின் எண்ணெயும் தடித்துவிடுவதால் வண்டியைக் கிளப்ப அதிக வலு வேண்டும். ஆகவே, பழைய பற்றரியைக் குளிர் தொடங்குமுன்னரே சோதித்தல் நன்று.

வீதியில் மிகக் கொடியது கரும்பனி. அது உண்மையிற் கருநிறமுடையதன்று. கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டியினூடே வீதியின் கருமை தெரிவதால் அப்பெயர் பெற்றது. மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால் பாலங்களே முதலில் உறையும். வீதியில் உப்புத் தூவுவார்கள். ஆனால், குளிர் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால் உப்பின் ஆற்றல் பெரிதும் தளரும். வண்டி வழுக்கினால் தடையை ஓங்கி மிதித்தல் ஆகாது. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, செல்ல விரும்பும் திசையை நோக்கிச் சுக்கானை மெல்லத் திருப்புதல் வேண்டும். முன்செல்லும் வண்டிக்கு நீண்ட இடைவெளி விடுதலும் இன்றியமையாதது.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பனிப்புயல் தாக்கியபோது 40 பேருக்கு மேல் மாண்டனர். பனியிற் புதையுண்ட வண்டிகளுக்குள்ளேயே உயிர்நீத்தோரும் அவருட் சிலர். இவ்வாறு சிக்கிக்கொண்டவர் வண்டியைவிட்டு இறங்கி நடத்தல் ஆபத்து. புகைபோக்கியை மூடிய பனியை முதலில் அகற்ற வேண்டும். அன்றேல் நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு உள்ளே புகுந்து உயிரைக் குடிக்கும். பின்னர் மணிக்குப் பத்து நிமிடமளவே எஞ்சினை இயக்கி, யன்னலைச் சிறிது திறந்து வைத்தல் தகும். கம்பளி, மண்வாரி, மின்சூள், உலர் உணவு ஆகியன வண்டியில் என்றும் இருத்தல் வேண்டும். பெற்றோலும் பாதித் தாங்கிக்குக் குறையலாகாது.

இத்தனை ஆயத்தங்களிலும் மேலானது ஒன்றுண்டு; புயலெச்சரிக்கை வந்த நாளில் புறப்படாதிருத்தல். கடல்கடந்து வாழும் பிள்ளை, "இன்று பனி அதிகம், வேலைக்குப் போகவில்லை" என்று தொலைபேசியிற் கூறினால், இங்குள்ள பெற்றோர் அதனைச் சோம்பலென்று கடியாது, நல்லறிவென்று மகிழ்வாராக.