நடப்புக் கணக்குப் பற்றாக்குறையின் தாங்குதிறன்: ஆவடியும் ரூபாய்–ரூபிள் கணக்கும்

திறவுச்சொற்கள்: நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, மாறுநிலைப் பொருளாதாரம், அயலகக் கடன், இருதரப்பு வணிகம், ஆவடி.

முன்னுரை

நடப்புக் கணக்குப் பற்றாக்குறை எந்த அளவுவரை தாங்கத்தக்கது என்னும் வினாவிற்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடு என்னும் எல்லை பெரும்பாலும் விடையாகச் சுட்டப்படுகிறது. திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறிய லாட்வியா, 2006, 2007ஆம் ஆண்டுகளில் 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பற்றாக்குறையைச் சுமந்து, 2008இன் இறுதியில்தான் பன்னாட்டுப் பண நிதியத்தை நாடியது. இந்தியாவோ 1990-91இல் ஏறத்தாழ 3 விழுக்காட்டிலேயே நெருக்கடியில் வீழ்ந்தது, 2012-13இல் 4.8 விழுக்காட்டை அந்நிதியத்தின் துணையின்றிக் கடந்தது. ஆகவே விழுக்காட்டை மட்டும் கொண்டு தாங்குதிறனை அளக்கவியலாது. கடன் எவரிடம், எந்த நாணயத்தில், எத்தனை காலத்திற்குப் பெறப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். 1991 மார்ச்சில் இந்தியாவின் குறுகியகாலக் கடன் அதன் செலாவணி இருப்பையே விஞ்சியிருந்தது.

ஆவடியிலிருந்து நோக்குதல்

இதனை விளக்க, சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்ற சான்றாகும். 1980களில் இங்குச் சோவியத் உரிமத்தின்கீழ் டி-72 பீரங்கி வண்டிகள் கட்டப்பட்டன. சோவியத் ஒன்றியத்துடனான வணிகம் 1950கள் முதல் ரூபாயிலேயே தீர்க்கப்பட்டது. படைக்கலன்கள் நீண்டகாலக் கடனில் வந்தன. தேயிலை, ஆடை, மருந்து முதலியவற்றை அனுப்பிக் கடனை அடைக்கலாம். அதற்காக டாலரைத் தேட வேண்டியதில்லை. எனவே ஆவடிக்கு வந்த பாகங்கள் இறக்குமதியே ஆயினும், டாலர் இருப்பின்மீது அவற்றின் அழுத்தம் சிறிது. பற்றாக்குறையை ஒரே தொகையாகக் காணும் ஆய்வுகள் தவறவிடும் வேறுபாடு இதுவே.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் இவ்வேற்பாடு குலைந்தது. 1990-91இல் இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ 16 விழுக்காடு அங்குச் சென்றது. சில ஆண்டுகளிலேயே அப்பங்கு 5 விழுக்காட்டுக்கும் கீழிறங்கியது. உதிரிபாகங்களுக்கு டாலர் கேட்கப்பட்டது. உள்நாட்டிலோ, இறக்குமதியைச் சுருக்க, அந்நியக் கொள்முதலுக்கு வங்கியில் கட்ட வேண்டிய முன்வைப்புத்தொகை 1991 ஏப்ரலில் பல இனங்களுக்கு 200 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 1991-92இல் பற்றாக்குறை 0.3 விழுக்காடாகக் குறைந்தது. தொழில்துறை வளர்ச்சியும் 0.6 விழுக்காட்டில் தேங்கியது. பக்கத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் போன்றவற்றுக்கு, ஒரு பங்கு மூலப்பொருளுக்கு இரு பங்குத் தொகையை முடக்குவது எளிதன்று. இத்தகைய குறைவைத் 'திருத்தம்' என்றழைப்பது இக்கட்டுரையாளருக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

கடன் தீர்வு

எஞ்சிய சோவியத் கடனுக்கு உரிமையாளரான ரஷ்யாவும் அப்போது மாறுநிலைப் பொருளாதாரமே. ரூபிளின் மதிப்பு சரிந்துகொண்டிருக்க, எந்த மாற்று வீதத்தில் கடனைக் கணக்கிடுவது என்பது பெரும் பூசலாயிற்று. 1993 ஜனவரி உடன்பாட்டின்படி கடனில் 63 விழுக்காடு 2.4 விழுக்காட்டு வட்டியுடன் 12 ஆண்டுகளிலும், 37 விழுக்காடு வட்டியின்றி 45 ஆண்டுகளிலும் செலுத்தப்பட வேண்டும். செலுத்தும் ரூபாயைக் கொண்டு ரஷ்யா இந்தியப் பொருள்களை வாங்கும். டாலர்க் கடனாளி எவருக்கும் கிட்டாத சலுகை இது. இந்திய ரிசர்வ் வங்கியின் அயலகக் கொடுப்பு நிலை அட்டவணையில், 'ரூபாய்க் கடன் தீர்வு' மூலதனக் கணக்கின்கீழ் இன்னும் தனி வரியாக நிற்கிறது.