கண்ணைக் கசக்கலாமா?

நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்து, அதன் முதுகுப் பக்கத்தில் உங்கள் முகத்தைப் பாருங்கள். மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். கரண்டியைத் திருப்பத் திருப்ப முகம் நீளும், அகலும், கோணலாகும். உங்கள் முகம் மாறவில்லை. ஒளி படும் பரப்பின் வளைவு இடத்துக்கு இடம் வேறுபடுவதால் உண்டாகும் மாற்றம் இது.

ஒளியின் பாதையை மாற்றும் வளைந்த பரப்பு ஒன்று உங்கள் கண்ணிலும் இருக்கிறது. அதன் வளைவு மெல்ல மெல்லக் கெட்டுக் கூம்பு போலாகும் நோய்க்குக் கெரட்டோகோனஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'கெராஸ்' என்றால் கொம்பு. 'கோனஸ்' என்றால் கூம்பு. இந்த நோய் பெரும்பாலும் உங்கள் வயதில்தான் தொடங்குகிறது. ஆகவே இதைப் பற்றி நீங்கள் அறிந்துகொள்வது அவசியம்.

கண்ணின் முன் ஜன்னல்

நண்பர் ஒருவரின் கண்ணைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி இருப்பதுபோல், கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு முன்னால் நிறமற்ற படலம் ஒன்று புடைத்திருப்பது தெரியும். அதுதான் கார்னியா. அதன் குறுக்களவு 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுப்பகுதியின் கனமோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான்!

கண்ணுக்குள் ஒளியைக் குவிப்பது விழிலென்ஸ் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கார்னியாதான். கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் சுமார் 60 டையாப்டர். அதில் சுமார் 43 டையாப்டர் கார்னியாவினுடையது.

இதற்கு ஒரு சான்று உண்டு. கிணற்றில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது அல்லவா? காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக விலகுகிறது. ஆனால் தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணும் கார்னியாவின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. எனவே தண்ணீருக்குள் கார்னியா தன் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் அது ஒளி புகும் ஜன்னலாக இருக்க முடியாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீரில் கரைந்துள்ள காற்றிலிருந்தே அது பெரும்பாலும் பெறுகிறது. அதன் உறுதிக்குக் காரணம் கொல்லாஜன் என்னும் புரத இழைகள். பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல், இந்த இழைகள் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அமைந்திருக்கின்றன.

வளைவு ஏன் கெடுகிறது?

கண்ணுக்குள் இருக்கும் திரவம் கார்னியாவை உள்ளிருந்து எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இழைகள் உறுதியாக இருக்கும்வரை கவலை இல்லை. தையல் தளர்ந்த பழைய கால்பந்தில் காற்றடித்தால், தளர்ந்த இடம் மட்டும் புடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கெரட்டோகோனஸில் நடப்பதும் இதுவே. இழைகளின் பிணைப்புத் தளர்ந்து, கார்னியா ஓரிடத்தில் மெலிந்து, முன்னால் பிதுங்குகிறது. பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே பிதுக்கம் உண்டாகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இந்த நோயைப் பற்றி 1854-ஆம் ஆண்டிலேயே விரிவாக ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

இழைகள் தளர்வதற்கு ஒரே காரணம் இல்லை. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. ஒவ்வாமையால் கண் அரிப்பு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. இவற்றோடு சேரும் முக்கியமான ஒன்று, கண்ணைக் கசக்கும் பழக்கம். விரல் முட்டியால் கண்ணை அழுத்தித் தேய்க்கும்போது, அரை மில்லிமீட்டர் கனமே உள்ள படலம் எவ்வளவு நசுங்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் படிப்பதாலோ சினிமா பார்ப்பதாலோ இந்த நோய் வருவதில்லை. இது தொற்றுநோயும் அன்று.

எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த நோயில் வலி இல்லை. அதனால்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடியின் பவர், குறிப்பாகச் சிலிண்டர் பவர், அடிக்கடி மாறுவது முதல் அறிகுறி. புதுக் கண்ணாடி போட்ட பிறகும் எழுத்துகள் தெளிவாகத் தெரியாமல் போகலாம். இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் வால் முளைத்ததுபோல் ஒளி இழுபடலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரியலாம். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனவே அச்சம் வேண்டாம். ஆனால் கண் மருத்துவரிடம் காட்டத் தாமதமும் வேண்டாம்.

கார்னியாவின் வளைவை அறிய ஓர் எளிய வழியை 1880-இல் போர்ச்சுகல் நாட்டின் பிளாசிடோ என்ற கண் மருத்துவர் கண்டுபிடித்தார். அதை நீங்களும் செய்து பார்க்கலாம். 20 செ.மீ. அகலமுள்ள வட்ட அட்டை ஒன்றில், 1 செ.மீ. இடைவெளியில் ஒரே மையமுள்ள வட்டங்கள் வரைந்து, ஒன்று விட்டு ஒன்றுக்குக் கறுப்பு மை பூசுங்கள். நடுவில் சிறு துளை இடுங்கள். வெளிச்சம் அட்டையின் மீது படும்படி வைத்து, துளை வழியாக ஒரு கோலிக்குண்டைப் பாருங்கள். அதில் தெரியும் பிம்பத்தில் வளையங்கள் ஒழுங்கான வட்டங்களாக இருக்கும். பிறகு பளபளப்பான கரண்டியின் முதுகைப் பாருங்கள். வளையங்கள் நசுங்கித் தெரியும். வளைவு அதிகமான பக்கத்தில் நெருங்கியும் இருக்கும்.

கார்னியாவும் ஒரு கண்ணாடிக் கோளம் போலவே வளையங்களைப் பிரதிபலிக்கிறது. கூம்பாகும் இடத்தில் வளையங்கள் நெருங்கிக் கோணலாகின்றன. இன்று கணினிகள் இந்த வளையங்களை அளந்து, கார்னியாவின் மேடுகளை நாட்டுப்படம் போல வண்ணத்தில் வரைந்து காட்டுகின்றன. ஆனால் உங்கள் அட்டையை வைத்துக்கொண்டு யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்!

கண்ணீரால் ஒரு லென்ஸ்

தொடக்க நிலையில் மூக்குக்கண்ணாடியே போதும். மேடுபள்ளம் அதிகமானால் அது உதவாது. அப்போது கைகொடுப்பது கெட்டியான காண்டாக்ட் லென்ஸ். 1888-இல் பாரிஸில் யூஜீன் கால்ட் என்னும் மருத்துவர், மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்களைச் செய்து இந்த நோயாளிகளின் கண்களில் பொருத்திப் பார்த்தார். இன்று அதே வேலையை ஆக்சிஜன் ஊடுருவக்கூடிய பிளாஸ்டிக் லென்ஸ்கள் செய்கின்றன.

இந்த லென்ஸ் எப்படி வேலை செய்கிறது? கிணற்றுக்குள் கார்னியா திறன் இழந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் இடையே உள்ள பள்ளங்களைக் கண்ணீர் நிரப்புகிறது. கோணலான கார்னியா கண்ணீருக்குள் 'மூழ்கி'விடுகிறது. அதன் குறையும் பெரும்பாலும் மறைகிறது. லென்ஸின் வழவழப்பான முன்பக்கமே ஒளியைக் குவிக்கிறது. மூழ்குவதால் கெட்ட பார்வை, மூழ்குவதால் சீராகிறது! ஆனால் லென்ஸ் பார்வையைத் திருத்துமே தவிர, நோய் வளர்வதை நிறுத்தாது.

இழைகளை இறுக்கும் முறை

சாலையோரத்தில் 'வல்கனைசிங்' என்று எழுதிய டயர் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றி அது உறுதிப்படுகிறது. கார்னியாவின் இழைகளுக்கும் இப்படிக் குறுக்குப் பிணைப்புப் போட முடியுமா? ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் முடியும் என்று காட்டினார்கள். நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகளை 2003-இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் பயன்படுத்திய மருந்து நமக்குத் தெரிந்ததுதான்: ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2. பால் திரிந்து தெளியும் நீருக்குப் பச்சை கலந்த மஞ்சள் நிறம் தருவது இந்த வைட்டமினே. இதைக் கார்னியாவில் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, பிறகு அளவான புற ஊதாக் கதிரை 30 நிமிடம் பாய்ச்சுகிறார்கள். ரிபோஃபிளேவின் கதிரின் ஆற்றலை ஏற்று, இழைகளுக்கு இடையே புதிய பிணைப்புகளைத் தூண்டுகிறது. கதிர் கண்ணின் உட்பகுதிக்குச் செல்லாமலும் தடுக்கிறது. இது அந்த முதல் முறை. இன்று நேரம் குறைந்த முறைகளும் உண்டு. வைட்டமின் மாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் நின்றால் இந்தப் பலன் கிடைக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இங்கே ஒரு முக்கியமான செய்தி. இந்தச் சிகிச்சை பெரும்பாலோருக்கு நோயை அது நிற்கும் இடத்திலேயே நிறுத்துகிறது. கூம்பான கார்னியாவைப் பழையபடி ஆக்குவதில்லை. அதோடு, முதலில் வகுத்த முறைப்படி கார்னியாவுக்குக் குறைந்தது 0.4 மி.மீ. கனம் இருக்க வேண்டும். மிகவும் மெலிந்துபோன பிறகு வந்தால் வாய்ப்புகள் குறைகின்றன. சிறு வயதில் நோய் வேகமாக வளர்கிறது. முப்பது, நாற்பது வயதுக்குள் பெரும்பாலும் தானே நின்றுவிடுகிறது. ஆகவே காப்பாற்ற வேண்டிய காலம் பள்ளி, கல்லூரிக் காலமே.

நோய் முற்றித் தழும்பு விழுந்தாலும் வழி உண்டு. இறந்தவர் தானமாகத் தந்த கார்னியாவைப் பொருத்தலாம். இந்த அறுவையில் முதல் முழு வெற்றியை 1905-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் பெற்றார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் தொடங்கியது. இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் கார்னியா இன்னொருவருக்குப் பார்வை தரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

கண் அரித்தால் கசக்காதீர்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மூடிய இமைமேல் அழுத்தாமல் வையுங்கள். அரிப்பு தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். கடையில் தானாகச் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். பவர் அடிக்கடி மாறினால், "என் கார்னியாவின் வளைவை அளந்து பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். வீட்டில் யாருக்கேனும் இந்த நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணாடி வேண்டாமென்று லேசர் சிகிச்சை செய்ய விரும்பும் அண்ணனோ அக்காவோ இருந்தால், முதலில் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே தளர்ந்த கார்னியாவை அந்தச் சிகிச்சை மேலும் மெலியச் செய்துவிடும்.

வகுப்பில் கரும்பலகை தெரியாமல் கண்ணை இடுக்கிப் பார்க்கும் நண்பர், அடிக்கடி கண்ணைக் கசக்கும் தம்பி, தங்கை – இவர்களை இன்று முதல் கவனியுங்கள். நேரத்தோடு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, அவர்களின் பார்வையைக் காக்கக்கூடும்.