எல்லை தாண்டும் போதை

பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் 1990களிலேயே மதுவிலக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லை தாண்டினால் கோவை மாவட்டத்து ஆனைகட்டி; அங்கே டாஸ்மாக் கடை இருந்தது. தாகம் தீர்ந்தவர்கள் வீடு திரும்ப வேண்டியதோ மலைச் சாலையில். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறையே ரூ.10,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட சட்டம். இருட்டு வளைவில் சட்டத்துக்கு என்ன வேலை?

கணவனிடமும் மகனிடமும் கெஞ்சிச் சலித்த ஆதிவாசிப் பெண்கள், தாய்க்குலச் சங்கமாகத் திரண்டார்கள். 2016இல் ஆனைகட்டிக்கே வந்து, கடையை மூடச் சொல்லிப் போராடினார்கள். கோரிக்கை தமிழக அரசிடம். அவர்களுக்கு ஓட்டு இருப்பதோ கேரளத்தில்.